நீ எந்தக் குலம்?

புகலிடக் கோரிக்கைகளை விசாரித்து முடிவெழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் நிராகரிப்புக் கடிதங்களைப் பிரித்து, வந்த தேதியை முத்திரையிட்டு, கோப்பில் சேர்ப்பது என் வேலை. கீழே கோழிக்கறிக் கடை, மேலே இரண்டு அறைகளில் எங்கள் வழக்கறிஞர் அலுவலகம். எந்த நாடு, எந்த நகரம் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா நாடுகளின் நிராகரிப்புக் கடிதங்களும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருகின்றன. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஈழத்தமிழர்கள். மீதியில் பெரும்பாலோர் சோமாலியர்கள். பதினாறு ஆண்டுகளாக அவர்கள் சொல்லச் சொல்ல வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்துவருகிறேன். சட்டம் படித்தவள் அல்ல.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இப்போது நம்மவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளராக, முடிவெழுதுபவராக, மேல்முறையீட்டில் துறைக்காக வாதாடுபவராக. போன மாதம் வந்த ஒரு கடிதத்தின் அடியில் இருந்தது அசல் யாழ்ப்பாணத்துப் பெயர். ஒரு சோமாலியப் பெண்ணின் கோரிக்கையை நிராகரித்த கடிதம் அது. முதலில் அவர் இதைப் படிக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பிறந்தது மொகதிஷுவின் பழைய நகரமான ஹமர் வெய்னில். கல் வீடுகளும், 1269-இல் கட்டிய பக்ருத்தீன் பள்ளிவாசலும், கடலை நோக்கிய குறுக்குத் தெருக்களும் உள்ள இடம். அவர்கள் பெனாதிரி மக்கள்; வணிகமும் நெசவும் தொழில். சோமாலியாவின் பெரிய குலங்களிடம் இருந்த எதுவும் அவர்களிடம் இல்லை: துப்பாக்கி இல்லை, படை இல்லை, ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள மேய்ச்சல் நிலமும் சொந்தக் கிராமமும் இல்லை.

1991 ஜனவரி இறுதியில் சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பரே தலைநகரை விட்டு ஓடினார். இருபத்தொரு ஆண்டு ஆட்சி ஒரு இரவில் காணாமல் போயிற்று. சோமாலியர்கள் அந்தக் காலத்தைப் ‘புர்புர்’ என்கிறார்கள். இடிந்து நொறுங்குதல் என்று பொருள். அந்த ஆண்டு நவம்பரில், பரேயை விரட்டியவர்களே இரண்டாகப் பிரிந்து, ஐதீதின் ஆட்களும் அலி மஹ்தியின் ஆட்களும் நகரத்துக்குள்ளேயே பீரங்கியால் மோதிக்கொண்டார்கள். நான்கு மாதங்களில் ஏறக்குறைய 14,000 பேர் இறந்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் மதிப்பிட்டன.

ஆயுதக் கும்பல்கள் தெருமுனைகளில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீ எந்தக் குலம்? சோமாலியக் குழந்தைகளுக்குத் தந்தை, பாட்டன், பூட்டன் என்று முன்னோர் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லக் கற்றுத்தருவார்கள். ‘அப்திர்ஸி’ என்று அதற்குப் பெயர். அதுவரை அது வீட்டுப் பெருமை. 1991-இல் எத்தனையாவது பெயரில் நாக்கு தடுமாறுகிறது என்பது உயிர் விஷயமாகிவிட்டது. பிழைத்தவர்களில் பலர் வேறு குலத்தின் பெயர் வரிசையை இரவோடு இரவாக மனப்பாடம் செய்து ஒப்பித்துத்தான் பிழைத்தார்கள். இலங்கைத் தமிழச்சியான எனக்குச் சோதனைச் சாவடியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. கடிதத்தில் கையொப்பமிட்டவருக்கும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

இந்தப் பெண்ணின் தகப்பனார் நெசவாளி. நம் ஊர்க் குழித்தறி போலத்தான் அவர்களுடைய தறியும். நெய்பவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்காருவார். ஆட்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள் என்றதும் அம்மா மூன்று பெண் பிள்ளைகளைத் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே பலகை போட்டு, பலகையின்மேல் பாயை விரித்து, பாயின்மேல் தான் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் நூல் சிப்பங்களையும் தையல் இயந்திரத்தையும் கதவின் நிலையையும்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் நடந்ததை அவர் மேலே கேட்ட சத்தங்களாக மட்டுமே சொன்னார். நானும் அவற்றைச் சத்தங்களாகவே தட்டச்சு செய்தேன்.

உங்கள் அலுவலகத்தில் அவரிடம் குழியின் ஆழம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். “அக்கா உட்கார்ந்தால் கழுத்து வரை” என்று பதில் சொல்லியிருக்கிறார். கடிதத்தில் பத்தி 23 இப்படி முடிகிறது: விண்ணப்பதாரர் கேள்விக்குத் திட்டவட்டமாகப் பதிலளிக்கவில்லை.

ஐயா, பத்து வயதுக் குழந்தைக்கு அதைவிடத் திட்டவட்டமான அளவுகோல் எது?

குலத்தைப் பற்றிய பத்தி அதற்கும் மேலே. கென்யாவில் பதிவு செய்தபோது அவருடைய குடும்பம் வேறொரு குலப் பெயரைக் கொடுத்திருக்கிறது. இங்கே பெனாதிரி என்கிறார். ஆகவே நம்பத்தக்கவர் அல்லர். அந்தப் பெயரைத்தான் அவர்கள் சாவடியிலும் சொன்னார்கள். முகாமில் அக்கம்பக்கக் கூடாரங்களில் இருந்தவர்கள் தங்கள் வீட்டைச் சூறையாடியவர்களின் உறவினர்கள் என்பதால் அங்கேயும் அதையே சொன்னார்கள். துப்பாக்கிக்காரன் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்கிறீர்கள். அவனிடம் பொய் சொல்லாதவர்கள் செத்தார்கள், அந்தப் பொய்யைச் சொன்னவர்களை நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள்.

அடுத்தது நாக்கு. தொலைபேசியில் கால் மணி நேரம், இருபது நிமிடம் பேசவிட்டு, அந்தப் பதிவை எங்கோ இருக்கும் நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். பெயர் இல்லாத, எண் மட்டும் உள்ள ஓர் ஆய்வாளர் கேட்டுவிட்டு, ‘இது கென்யாவில் பேசப்படும் சோமாலி’ என்று எழுதித் தருகிறார். உண்மைதான். அவர் 1992-இல் படகேறி மொம்பாசா போனார். அங்கே கரையோர முகாம்களில் சில வருடம். அவற்றை மூடியதும் லாரியில் ஏற்றி ததாப் முகாமில் இறக்கிவிட்டார்கள். 90,000 பேருக்கென்று வகுத்த ததாபில் 2011-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பள்ளியில் சுவாஹிலி, கடையில் சுவாஹிலி, போலீஸ்காரனிடம் கெஞ்சுவதும் சுவாஹிலியில். நாக்கும்தானே இடம்பெயரும்? என் மகள் பேசும் தமிழைக் கேட்டால் அவளுடைய அம்மம்மா வடமராட்சி என்று எந்த ஆய்வாளரும் சொல்லமாட்டார். ஓடியதால் மாறிப்போன பேச்சையே, ஓடவில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள்.

இது என் சொந்தக் குமுறல் மட்டும் அல்ல. பெனாதிரிகள் என்று சொல்லிப் புகலிடம் கேட்ட இருவரைப் பற்றிய வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2014-இல் இதைத் தொட்டது. மொழி ஆய்வாளர் மொழியைப் பற்றிச் சொல்லலாம். அந்த ஆளுக்குச் சொந்த ஊரைப் பற்றித் தெரிகிறதா, அவர் பேச்சை நம்பலாமா என்றெல்லாம் அபிப்பிராயம் சொல்வது அவருடைய வேலை அல்ல என்றது. எங்கள் கோப்பிலிருக்கும் அறிக்கையில் அந்த அபிப்பிராயம் ஒன்றரைப் பக்கம் நீள்கிறது.

தேதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோமாலி மொழிக்கு அரசு எழுத்துரு வந்ததே 1972-இல்தான். நாட்டுப்புறத்தில் வருடத்தைப் பருவத்தால் எண்ணுவார்கள்: ‘கூ’ என்றால் பெருமழை, ‘ஜிலால்’ என்றால் வறண்ட காலம். 1974-75 வறட்சிக்கு ‘நீண்ட வால்’ என்று பெயர் வைத்தார்கள், இழுத்துக்கொண்டே போனதால். என் அம்மம்மா கடைசிவரை ‘சூறாவளிக்கு முந்தின ஆடி’ என்றுதான் கணக்குச் சொன்னார். ‘புர்புருக்கு அடுத்த கூ தொடங்கியபோது’ என்று ஒருவர் சொன்னால், அது ஏறக்குறைய ஏப்ரல் என்று ஒரு தாளில் எழுதி உங்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள எத்தனை செலவாகும்? அதைச் செய்யாமல், ஐம்பது ஷில்லிங் நோட்டின் நிறம் என்ன என்று கேட்கிறீர்கள். மத்திய வங்கியே 1991-இல் இல்லாமல் போன நாடு அது. புழக்கத்திலிருக்கும் நோட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே கள்ள நோட்டு என்று பன்னாட்டு நாணய நிதியமே பின்னாளில் சொன்னது. எந்தக் கள்ள நோட்டின் நிறத்தைச் சொல்ல வேண்டும்?

வேறொரு கோப்பு. வடக்கேயுள்ள ஹர்கெய்சா நகரத்தைச் சேர்ந்த முதியவர். தன் வாக்குமூலத்தில், 1988-இல் போர் விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி ஹர்கெய்சாவின்மேல் குண்டு போட்டுவிட்டு, மறுபடி அங்கேயே வந்து இறங்கின என்று சொல்லியிருந்தார். அந்த வரியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். போட்டவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்த நாடும் தன் சொந்த நகரத்தை, அதே நகரத்து ஓடுதளத்திலிருந்து கிளம்பி அழிக்கும் என்று யார்தான் நம்புவார்கள்? ஆனால் அது நடந்தது. மே மாத இறுதியில் பரேயை எதிர்த்த கிளர்ச்சிப்படையான சோமாலிய தேசிய இயக்கம் புராவோவையும் ஹர்கெய்சாவையும் தாக்கியதும், அரசு ஐசாக் குலத்தவரின் நகரங்கள்மேல் பீரங்கியையும் விமானத்தையும் ஏவியது. இறந்தவர்கள் 50,000 என்பது குறைந்த கணக்குகளில் ஒன்று. லட்சக்கணக்கானோர் நடந்தே எத்தியோப்பியாவுக்குப் போனார்கள். மேலிருந்து பார்த்துச் சுடுவார்கள் என்று பகலில் முட்புதருக்குள் கிடந்து இரவில் நடந்ததாக அந்த முதியவர் சொன்னார். ஒரு விமானி மட்டும் குண்டு போட மறுத்து விமானத்தை ஜிபூத்திக்கு ஓட்டிப்போய் இறக்கினார்.

1997 பெருமழையில் ஹர்கெய்சாவின் ஓடைக்கரை அரித்துக்கொண்டு போனபோது எலும்புகள் வெளியே வந்தன. கயிற்றால் சேர்த்துக் கட்டிய மணிக்கட்டுகளோடு. அந்தக் குண்டுவீச்சின்போது விழுந்த மிக் போர் விமானம் ஒன்று இன்றும் நகரத்தின் நடுவில் மேடைமேல் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் சந்தைக்கூட்டம். பென்சிலால் கேள்விக்குறி போட்டவர் அதன் படத்தை ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். அந்தக் காலத்தில் பாதுகாப்பு அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த முகமது அலி சமந்தர், வர்ஜீனியாவில் பல வருடம் நிம்மதியாக வாழ்ந்தார். 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் அவர் 2.1 கோடி டாலர் நட்டஈடு தர வேண்டும் என்றது. குழியின் ஆழத்தையும் நோட்டின் நிறத்தையும் அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை ஓடும்.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். ததாபில் விறகுக்காக முகாமுக்கு வெளியே முட்காட்டுக்குப் போன பெண்களுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் துறையின் நாட்டுநிலை அறிக்கையிலேயே இருக்கிறது. இவருக்கும் அது நடந்தது. முதல் நேர்காணலில் சொல்லவில்லை, இரண்டாவதில் சொல்லவில்லை, மூன்றாவதில் சொன்னார். ‘புதிதாகச் சேர்த்த கதை’ என்று எழுதிவிட்டீர்கள். முதல் இரண்டிலும் மொழிபெயர்ப்பாளர் ஆண். பெயரைக் கேட்டதுமே அவர் எந்தக் குலம் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் இவர் யார் என்று தெரிந்துவிட்டது. அறையில் அது தெரியாமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டாராம். ஆனாலும் அவர் முன்னால் இதைச் சொல்வதைவிடத் திரும்பிப்போவதே மேல் என்று தனக்குத் தோன்றியதாக எங்களிடம் சொன்னார். எங்களிடமும் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லவில்லை. மதியம் வழக்கறிஞர் சாப்பிடப் போயிருந்தபோது, நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்று, என் முதுகைப் பார்த்துச் சொன்னார். நான் திரும்பவில்லை. இயந்திரத்தில் தாள் தீர்ந்த பிறகும் வெறுமனே பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன்.

திரும்பிப்போன அனுபவமும் அவருக்கு உண்டு. 2014 ஏப்ரலில் நைரோபியின் ஈஸ்ட்லி பகுதியில் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து, ஆயிரக்கணக்கான சோமாலியர்களைப் பிடித்து, பலரைக் கசரானி விளையாட்டரங்கில் அடைத்தது. நூற்றுக்கணக்கானோரை மொகதிஷுவுக்கு விமானம் ஏற்றினார்கள். இவரும் அவர்களில் ஒருவர். இருபத்திரண்டு வருடம் கழித்து ஹமர் வெய்னில் இறங்கித் தன் வீட்டுக்குப் போனார். வேறு யாரோ கதவைத் திறந்தார்கள். கேட்ட முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. இரக்கத்துக்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை என்பது தெரியும். நேர்காணலுக்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் யார், எந்தப் பகுதி என்று சொல்லி, வேண்டாம் என்றால் மாற்றுங்கள். மொழி ஆய்வை எடைபோடும்போது, அந்த ஆள் எத்தனை வருடம் எந்த முகாமில் இருந்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவடியில் சொன்ன குலத்தைச் சாவடியில் சொன்னதாகவே எழுதுங்கள்.

அவருடைய மேல்முறையீடு வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கூடுமானால் பெனாதிர் பேச்சு தெரிந்தவராக, என்று மூன்று முறை எழுதிவிட்டோம். மூன்று கடிதங்களின் பிரதியும் கோப்பில் இருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
கோப்பு அடுக்குபவள்