ஆயரை மாற்றக் கோரும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள்: நம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரக் கமிட்டியார் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நம் சபைப் போதகரான ஆயரை உடனே இடமாற்றம் செய்யும்படி பேராயருக்கு நீங்கள் தீர்மானம் அனுப்பியதை ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அறிந்தேன். சேகர விதியை மீறினார், ஆலயத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தார் என்று எழுதியிருக்கிறீர்களாம். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதற்கெல்லாம் காரணமான அந்த அடக்க நாளின் மாலையில் நானும் ஆலய அலுவலகத்தில் நின்றேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து இறந்த நம் சபைப் பிள்ளையின் உடல், கொட்டும் மழையில் வண்டிக்குள் காத்திருந்தது. மூன்று வருடச் சபைச் சந்தா பாக்கி. கட்டினால்தான் ஆலயத்தில் அடக்க ஆராதனை என்றார்கள். அவன் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பத்து, இருபது ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அதை எண்ணி, கார்பன் தாளைச் சரிசெய்து, ரசீது எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண்ணை உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

கல்லறைத் தோட்டக் கட்டணம் தனி என்ற பேச்சு எழுந்தபோதுதான் ஆயர் வந்தார். யாரிடமும் சத்தம் போடவில்லை. சாவியை வாங்கிப் பெரிய கதவைத் தானே திறந்து, உடலைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். நீங்கள் சொல்லும் விதிமீறல் இதுதான்.

அரசியல் என்பது எது? பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை அப்படித் தொட்டிக்குள் இறக்குவதே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைக்கு அந்தத் தொகையைக் கேட்டு மனு எழுதிக்கொடுத்து, காவல் நிலையத்தில் அவரோடு உட்கார்ந்திருப்பது ஆயர் வேலை இல்லையென்றால் வேறு எது ஆயர் வேலை?

கிறிஸ்தவர்கள் என்பதாலேயே 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்தத் தலித் மக்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. சபைக்குப் போனவர்கள் என்று அரசு தள்ளுகிறது. சந்தா கட்டாதவர்கள் என்று சபையும் தள்ளினால் எங்கே போவார்கள்? மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போட ஒரே கூட்டத்தில் பணம் ஒதுக்கினோம். அதே மண்டபத்தில் பாலத்தடிப் பிள்ளைகள் மாலையில் படிக்க ஆயர் இரண்டு விளக்கு போட்டதற்கு மின்கட்டணக் கணக்குக் கேட்டோம். சேகரத் தேர்தல் வந்தால் மட்டும் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு நமக்கு வழி தெரிகிறது.

மன்னியுங்கள், கோபம் என்னை எங்கோ இழுத்துப் போகிறது. சென்னையில் 1965 முதல் 1974 வரை பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், ஓய்வுபெற்ற பிறகு இங்கிலாந்தின் பர்மிங்காமில் மூடப்படவிருந்த ஒரு சிறிய சபையைத் தானே முன்வந்து நடத்தினார். சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஏழைப் பகுதிச் சபை அது. அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போகும் ஒரு மேய்ப்பர் நமக்கு வாய்த்திருக்கும்போது, அவரை ஏன் அனுப்பத் துடிக்கிறோம்?

உங்களில் பலர் என் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொன்னவர்கள். அந்த உரிமையில் தாழ்மையோடு கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, பேராயருக்கும் தெரிவியுங்கள். அந்த ஆயிரத்து எண்ணூறு ரூபாயையும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்