பாப்பாவுக்கு, நீ எழுதிய "நடந்திருந்தால்" பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீ அனுப்பியதைச் செல்லூர் அத்தை மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். முழுக்கப் படித்தேன். "படிச்சிட்டுக் கூப்பிடுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். போனில் பேசினால் நினைத்ததில் பாதியைத்தான் சொல்வேன், அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே.

முதலில் ஒன்று. யோசனை அருமை. நம் சினிமாவில் நடக்காமல் போனதெல்லாம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சின்னச் சின்ன அனிமேஷன் படங்களாகச் செய்வது என்றதும் எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. ஸ்கூல் விட்டு வந்து தியேட்டரில் நான் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமில் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கீழே ஓடும் படத்தின் முடிவை மாற்றி மாற்றிச் சொல்வாயே, அந்தப் பிள்ளைதான் இதை எழுதியிருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்துக்கொண்டாள்.

பாடி நடித்த எம்.கே.டி. பாகவதரிலிருந்து வருகிறேன். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1947இல் விடுதலையாகி வந்தபோது பாகவதரின் காலம் போயிருந்தது. உன் கதையில் அந்தக் கைதே நடக்கவில்லை. ஒப்பந்தமான படங்கள் எல்லாம் வருகின்றன, பாட்டு மேல் பாட்டு, 1950இல் கதையை முடித்துவிட்டாய். அங்கே முடிக்கக் கூடாது. இன்னும் இரண்டே வருஷத்தில் பராசக்தி வருகிறது. கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம். 2563 பேர் உட்காரும் நம்ம தங்கம் தியேட்டர் 1952இல் திறந்ததே அந்தப் படத்தோடுதான். பாகவதர் உச்சத்திலேயே இருந்து, ஜனங்கள் பாட்டுக்காகவே படம் பார்த்துக்கொண்டிருந்தால், மூச்சு விடாமல் பேசுகிற அந்தக் கோர்ட்டு சீனை நம்பி யார் முதல் போட்டிருப்பார்கள்? பாகவதர் தப்பித்த சந்தோஷத்தைக் காட்டு. அதே படத்தில் தங்கம் தியேட்டர் வேறு ஏதோ ஒரு படத்தோடு திறப்பதையும் காட்டு. அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் திக்கென்று இருக்கும்.

எனக்கு ஒரு வருத்தம். மதுரையில் பிறந்து வளர்ந்தவள் நீ, ஆனால் எழுதியதில் பாதிக்கு மேல் கோடம்பாக்கம். சிந்தாமணியை எப்படி விட்டாய்? 1937இல் மதுரை ராயல் டாக்கி கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்குப் போய் எடுத்த படம். பாகவதர் பாட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டம். கிடைத்த லாபத்தில் கீழவெளி வீதிப் பக்கம் தியேட்டரைக் கட்டி, படத்தின் பேரையே வைத்தார்கள். அந்தப் பணத்தில் தியேட்டர் கட்டாமல் ஸ்டூடியோ கட்டியிருந்தால்? பின்னால் இங்கே ஸ்டூடியோ வைத்துப் பார்த்தவர்கள் உண்டு, நிலைக்கவில்லை. ஆனால் 1937லேயே, அவ்வளவு பெரிய வெற்றி கையில் இருக்கும்போதே ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசி.

நான் யோசித்துவிட்டேன், சொல்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள். திருப்பரங்குன்றம் ரோட்டில் பைகாரா ஸ்டாப்பை ஒட்டி ஸ்டூடியோ. மலை பின்னால் தெரியும், செட்டில் மலை வரைய வேண்டியதில்லை. அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் மெட்ராஸுக்குப் போகவில்லை, தேனி பஸ்ஸில் ஏறி இங்கே வந்து இறங்குகிறார்கள். 1977இல் 16 வயதினிலே வரும் வரைக்கும் காத்திருக்காமல் நம் ஊர்ப் பேச்சு அதற்கு ரொம்ப முன்பே திரையில் கேட்கிறது. கட்-அவுட் வரைகிற ஆட்கள் இருந்தார்களே, போட்டோ மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தை அறுபது அடிக்குப் பெரிதாக்கி சாரத்தில் ஏறி முகம் எழுதுவார்கள். பெரிய படம் வராத மாதங்களில் அவர்களுக்குக் கூலி கிடையாது. நான் நினைக்கிற மதுரையில் அந்த மாதங்களில் அவர்கள் ஸ்டூடியோவின் பொம்மைப்படப் பிரிவில் உட்கார்ந்து செல்லுலாய்டு தாளில் வர்ணம் தீட்டுகிறார்கள். டிஸ்னியில் இருந்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார், ராம் மோகன் அவரிடம் கற்றவர் என்று நீதான் எனக்குச் சொன்னாய். என் கதையில் வீக்ஸ் பம்பாயிலிருந்து ரயில் ஏறி மதுரைக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறார். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தை அவர் வரைந்து பார்க்கிற மாதிரி ஒரு சீன் வை. பாப்பா, இதை நீ வரைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குக் கண் முன்னால் தெரிகிறது.

1989இல் ராஜா சின்ன ரோஜா வந்தது. ரஜினியோடு வரைந்த மிருகங்கள் ஆடுகிற பாட்டு, அது ராம் மோகன் கை. அந்த ரீலை மாட்டும்போதெல்லாம் கீழே பிள்ளைகள் கத்துகிற சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டி ரூமுக்குள் வரும். நீ அப்போது பிறக்கவில்லை. அதே ராம் மோகன் ஜப்பான்காரர் யுகோ சாகோவோடு சேர்ந்து எடுத்த ராமாயணம் 1992இல் முடிந்தும், நம் பிள்ளைகள் அதை டிவியில்தான் பார்த்தார்கள். தமிழ் பேசி தியேட்டருக்கு வர 2025 ஜனவரி ஆனது. அது 1993லேயே ஒரு தீபாவளிக்கு நம் ஊரில் இறங்கியிருந்தால், பொம்மைப்படம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்கிற பேச்சு அன்றைக்கே போயிருக்கும். நீயும் பெங்களூர் போயிருக்க வேண்டியதில்லை. சரி, அது வேறு பேச்சு.

கண்ணுக்கு அவ்வப்போது ஓய்வு கொடு. ராத்திரி ரொம்ப நேரம் ஸ்கிரீனைப் பார்க்காதே.

கமலின் மருதநாயகத்தில் ஒரு திருத்தம். 1997 அக்டோபர் 16இல் எலிசபெத் ராணியே வந்து பார்த்த படப்பிடிப்பு, பணம் இல்லாமல் நின்றது. நீ அதை முடித்து வெளியிட்டுவிட்டாய், சந்தோஷம். ஆனால் தூக்குமரத்தைக் கோட்டைக்குள் வரைந்திருக்கிறாய். 1764இல் மருதநாயகம் என்கிற கான்சாகிபைத் தூக்கில் போட்டது கோட்டைக்கு வெளியே, மேற்கே, சம்மட்டிபுரத்துப் பக்கம். கான்சாகிப் பள்ளிவாசல் இன்னும் இருக்கிறது. வந்தால் நானே கூட்டிப் போகிறேன், நின்று பார்த்து வரை.

இப்போது பொன்னியின் செல்வன். இதில் உன்னோடு சண்டையே போடுவேன். எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினார், விளம்பரம் கொடுத்தார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் அவர் முன்னாலேயே சினிமாவை விமர்சித்துப் பேசிய மாணவன் மகேந்திரனைக் கூப்பிட்டுத் திரைக்கதை எழுத வைத்தார். 1959இல் சீர்காழி நாடகத்தில் எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது, படம் அப்படியே போனது. நீ அந்தக் காலை முறியவிடவில்லை. 1960இல் படம் வருகிறது, வெள்ளி விழா. வரட்டும். அப்புறம் மகேந்திரன் என்ன ஆகிறார் என்று நீ எழுதவே இல்லையே! பெரிய ஸ்டாருக்குப் பெரிய படம் எழுதி ஜெயித்தவரை அதற்கப்புறம் சின்னக் கதைக்குப் போக யார் விடுவார்கள்? அவர் பின்னால் எடுத்த முள்ளும் மலரும் வருமா? உதிரிப்பூக்கள் வருமா? உதிரிப்பூக்களின் கடைசி ரீலை ஓட்டும்போது ஹாலில் ஒரு இருமல் கூடக் கேட்காது. எனக்கு அந்த வியாபாரம் வேண்டாம். மணிரத்னம் எடுத்து 2022இல் வந்ததே போதும்.

பாரதிராஜாவும் அப்படித்தான். 'மயில்' என்று பேர் வைத்து, கறுப்பு வெள்ளையில் சின்னதாக எடுக்க அரசு நிதி நிறுவனத்துப் பணத்தை எதிர்பார்த்திருந்தார், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்தப் படம் சில ஊர்களில் ஒரு வாரம் ஓடிப் போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். கிடைக்காமல் போனதால்தான் கமல், ஸ்ரீதேவி, ரஜினியோடு கலரில் 16 வயதினிலே ஆனது. உன் பட்டியலில் இது இல்லை. ஏன் இல்லை?

இதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதிய எல்லாக் கதையிலும் நின்றுபோன ஒன்று நிற்காமல் ஓடுகிறது. கைது இல்லை, கால் முறியவில்லை, பணம் தீரவில்லை. 1928இல் வால்ட் டிஸ்னியிடமிருந்து பறிபோன ஆஸ்வால்ட் முயல் கூடப் பறிபோகவில்லை. முயலைப் பறித்தவர்கள் டிஸ்னியின் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், முக்கியமான ஓவியர்களில் அயர்க்ஸ் ஒருவர்தான் கூட நின்றார், அதற்கப்புறம்தான் அவர்கள் இரண்டு பேரும் மிக்கி மவுஸைக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீ. அதையும் எழுதாமல், முயலை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாய். ஏன் இப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அத்தை மகன் போன வாரம் பெங்களூர் வந்தவன், உன் ஆபீஸ் பக்கம் போய்ப் பார்த்தானாம், கேட் பூட்டியிருந்ததாம். லீவு நாளாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வரைந்ததெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்துவிடக் கூடாது. டாய் ஸ்டோரி இரண்டாம் பாகம் 1998இல் ஒரு தப்பான கட்டளையால் அழிந்துபோனதும், பேக்கப்பும் கைகொடுக்காததும் உனக்குத் தெரியும். கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் வீட்டில் ஒரு காப்பி இருந்தது, அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டு வந்து சேர்த்தார்கள். இந்தத் திட்டம் உன்னுடையது, கம்பெனியுடையது அல்ல. ஒரு காப்பி இங்கே வீட்டில் இருக்கட்டும். இன்னொரு தடவை சொல்கிறேன், வீட்டில் ஒரு காப்பி இருக்கட்டும்.

படப்பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வந்தபோது தியேட்டரில் எனக்குக் கணக்கு முடித்தார்கள். நீ பத்தாவது. அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன், உன்னையும் எழுப்பிச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அம்மா அன்றைக்குப் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே உன் பெரிய மாமாவிடம் போய் அச்சகத்தில் வேலை கேட்டேன். நம் வீட்டில் எதையும் யாரும் தனியாக வைத்துக்கொண்டது இல்லை. நீயும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பொம்மைப்படம் வரைகிற வேலைக்கு மதுரையிலிருந்து தனியாகக் கிளம்பிப் போனவள் என்று நான் தெருவில் பெருமை பேசாத நாள் இல்லை. எங்கே உட்கார்ந்து வரைந்தாலும் அந்தப் பெருமை எனக்குக் குறையாது.

மாடி ரூமில் நெட் போட்டாகிவிட்டது. நல்ல வேகம் என்று அத்தை மகன் சொன்னான். ஜன்னல் பக்கம் மேஜையைத் திருப்பிப் போட்டு, பிளக் பாயிண்ட் இரண்டு அதிகமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாடகை முன்பணம் ஏதாவது நிலுவை இருந்தால் கூச்சப்படாமல் எழுது, அந்தப் பச்சை டப்பா அப்படியேதான் இருக்கிறது. திருமங்கலம் சித்தப்பா வண்டி வெள்ளிக்கிழமை ஓசூரில் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. உன் கம்ப்யூட்டர், மேஜை, கட்டில் எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். புதன்கிழமை ராத்திரிக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா