மாதவிடாய்ப் பேட் விலை பற்றி எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், ஸலாம்.

போன சனிக்கிழமை பின்னேரம், கடையில் நல்ல சனம் நிற்கிற நேரம், நிலாவெளியிலிருந்து மாதம் ஒருமுறை வந்து சாமான் எடுக்கும் அன்ரி ஒருவர் பேட் பைக்கற்றைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வரியை எடுத்தாச்சு எண்டு நியூஸில சொன்னாங்கள், நீங்கள் இன்னும் கூட்டித்தானே விக்கிறீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "கொம்பனிக்காரன் அடிச்ச விலை அன்ரி" என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். பொய்யில்லைத்தான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. எடுத்த இரண்டு பைக்கற்றில் ஒன்றைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். ஐந்து நாள், நாளுக்கு நாலு என்று பார்த்தால் ஒருவருக்கு மாதம் இருபது பேட், அதாவது பத்து பேட் உள்ள பைக்கற் இரண்டு வேண்டும். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் பில். அதில் வற் (பெறுமதி சேர் வரி) என்று தனியாக எதுவும் இருக்காது, ஏனென்றால் நாங்கள் வற் பதிவு செய்த கடை இல்லை. வருட விற்பனை ஒரு எல்லையைத் தாண்டினால்தான் பதிய வேண்டும், 2024 இல் அந்த எல்லையை 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாய்க்கு இறக்கினார்கள். திருகோணமலை மத்திய வீதியில் இரண்டு கதவு திறக்கிற எங்கள் கடை அந்தக் கணக்குக்குப் பக்கத்திலும் போகாது. அதனால் நீங்கள் வரி கட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பைக்கற் எங்கள் கைக்கு வரும் முன்பே, கொழும்பிலேயே, வரியெல்லாம் விலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஏஜென்ட் எங்களிடம் காசு வாங்குவதும் நாங்கள் உங்களிடம் வாங்குவதும் அதையும் சேர்த்துத்தான்.

எவ்வளவு என்று கேட்டால், 2018 செப்டெம்பருக்கு முந்தின கணக்கொன்றைச் சொல்கிறேன், பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டால் நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் பேட்டுக்குச் சாமான் விலை, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 100 ரூபாய் என்று வையுங்கள். இறக்குமதித் தீர்வை 30 ரூபாய். துறைமுக, விமான நிலைய அறவீடு ஏழரை ரூபாய். அப்புறம் செஸ் வரி, அதாவது இறக்குமதிச் சாமானுக்குப் போடும் மேலதிக வரி, அதுவும் 30 சதவீதம்தான், ஆனால் 100க்கு இல்லை, இன்னொரு 10 சதவீதத்தைக் கூட்டி 110க்குப் போடுவார்கள், ஆக 33 ரூபாய். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த 110, 30, ஏழரை, 33 எல்லாவற்றையும் கூட்டினால் வரும் 180 ரூபா 50 சதத்துக்குத்தான் வற் 15 சதவீதமும், தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2 சதவீதமும். அதாவது வரிக்கும் வரி. வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், 101 ரூபாய் சொச்சம் வரும். 101.2 சதவீத வரி என்று அப்போது பேப்பர்களில் அடிபட்ட எண் இதுதான். நூறு ரூபாய்ச் சாமானுக்கு நூற்றொரு ரூபாய் வரி. பெண்களாய்ப் பிறந்ததற்கு மொய் வைத்த மாதிரி.

2018 செப்டெம்பரில், மங்கள சமரவீர நிதி அமைச்சராக இருந்தபோது, அந்தச் செஸ்ஸை எடுத்தார்கள். 33 ரூபாயை எடுத்ததும் மொத்தம் 38 ரூபா 60 சதம் குறைந்தது, ஏனென்றால் அதன் தலையில் ஏறியிருந்த வற்றும் மற்றதும் சேர்ந்தே இறங்கின. 101.2 என்பது 62.6 ஆனது. பிறகு வற் 8 சதவீதத்துக்கு வந்து, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி இல்லாமல் போனதும் 2020 அளவில் 52 என்றார்கள். சரி, பாதியாகிவிட்டதே என்று நாங்களும்தான் நினைத்தோம்.

அப்புறம் 2022 வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பெற்றோல் லைனில் ஒன்றாகத்தான் நின்றோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360. வரி அதே 52 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 100 ரூபாய்க்கு வந்திறங்கிய சாமான் 180 ஆகிவிட்டால் அதன் மேல் வரி 52 ரூபாயிலிருந்து 93 ரூபா 60 சதத்துக்குப் போகும். வீதம் அசையவே வேண்டாம். ஆனால் அதுவும் அசைந்தது: வற் அந்த ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இடையில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று இரண்டரை சதவீதம் வேறு புதிதாக வந்தது.

அன்ரி நியூஸில் கேட்டது 2022 ஒக்டோபரில் வந்த அறிவிப்பாக இருக்க வேண்டும். உள்ளூரில் பேட் செய்பவர்கள் கொண்டுவரும் ஐந்து மூலப்பொருட்களுக்குத் தீர்வை, செஸ் போன்றவற்றை எடுக்கிறோம் என்றார்கள். நல்ல விசயம்தான். எங்கள் மகள் ஒருநாள் கடையில் சும்மா இருந்தபோது ஒரு பேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி மேசையில் பரப்பினாள். மேலே துணி மாதிரி ஒரு மெல்லிய தாள், உள்ளே பஞ்சு போலப் பொங்கி நிற்கிற மரக்கூழ், அதற்குள் சீனி மாதிரி வெள்ளைத் துகள், அடியில் பிளாஸ்டிக் தாள், பிறகு ஒட்டுப் பசை. தேத்தண்ணிக் கோப்பையில் கால்வாசி தண்ணீர் ஊற்றினாள், துகள் ஊதி ஜெலியாக நின்றது, கோப்பையைக் கவிழ்த்தும் கொட்டவில்லை. உள்ளூர் பேட் என்று நாங்கள் விற்பதற்கும் இவையெல்லாம் கப்பலில்தான் வருகின்றன. ஆக, மூலப்பொருளுக்குக் கொடுத்த சலுகை தொழிற்சாலை வாசலில் நிற்கிறது, அங்கிருந்து கரண்ட் பில், சம்பளம், டீசல் எல்லாம் ஏறி, மேலே வற்றும் போட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்ம ஊரில் இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம், ஆனால் இங்கே கோதுமையும் எண்ணெயும் இறங்குமே தவிர ஒரு பேட் பெட்டி இறங்காது. அது கொழும்பில் இறங்கி, குருநாகல், தம்புள்ள, ஹபரண, கந்தளாய் என்று லொறியில் குலுங்கிக் குலுங்கி வர வேண்டும். அந்தக் கூலியும் உங்கள் தலையில்.

இன்னொன்று, இந்தியாவில் 2018 ஜூலையில் பேட்டுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியை (நம்ம வற் மாதிரி) முற்றாக எடுத்தார்கள், அதைப் போல இங்கேயும் எடுக்கலாமே என்று பலர் கேட்கிறீர்கள். எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. "வரிவிலக்கு" என்று சொல்லிவிட்டால், தொழிற்சாலைக்காரர் மூலப்பொருளுக்கும் மெசினுக்கும் பொதி செய்யும் தாளுக்கும் கட்டின வரியைத் திரும்பக் கேட்க முடியாது, அதைப் பைக்கற் விலையில்தான் ஏற்றுவார். "பூச்சிய வீதம்" என்று போட்டால் விற்கும்போதும் வரியில்லை, முன்பு கட்டியதையும் திரும்ப எடுக்கலாம். கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இந்தியாவில் கொடுத்தது முதலாவது, அதனால்தான் விலை 12 சதவீதமும் அப்படியே இறங்கவில்லை. அடுத்த தடவை வோட்டுக் கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால், விலக்கா பூச்சியமா என்று கேட்டுப் பாருங்கள்.

விலை ஏறும்போது மட்டும் உடனே ஏறுகிறதே, இறங்கும்போது ஏன் மாதக்கணக்காகிறது என்றும் ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்வி. ஏறும்போது, பைக்கற்றில் அடித்த விலைக்கு மேல் நாங்கள் விற்க முடியாது, அதனால் பழைய ஸ்டொக் பழைய விலைக்குத்தான் போகிறது. இறங்கும்போது, கூடின விலைக்கு எடுத்த பெட்டியைத் தள்ளிவிடும் வரைக்கும் எங்களுக்குப் புதுப்பெட்டி எடுக்க மனம் வராது. இதில் எங்கள் பிழையும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் வெளியே வராமல் இருப்பதற்கு நாங்கள் கடைக்காரரும் ஒரு காரணம். அப்பா கடையைப் பார்த்த காலத்தில் கடன் கொப்பியில் பேட் என்று எழுத மாட்டார், "பிஸ்கட்" என்று எழுதுவார். ஒருமுறை பாலையூற்றுப் பக்கத்து அண்ணா ஒருவர் மாதக் கணக்கு முடிக்க வந்து, "எங்கட வீட்டில ஒருத்தரும் பிஸ்கட் தின்னுறதில்லையே, யார் இவ்வளவு எடுத்தது?" என்று அப்பாவோடு சண்டைக்கு நின்றார். அப்பா முழித்தார், அம்மா உள்ளுக்குள் ஓடிவிட்டா. பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, வீடியோக்காரனைப் பிடித்து, ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம், அடுத்த மாதத்திலிருந்து அது பிஸ்கட்.

பேப்பரில் சுற்றிக் கொடுப்பதும் அப்படித்தான். போன வருசம் ஒரு அக்கா பேப்பரில் சுற்றிய பார்சலை ஸ்கூட்டி கொக்கியில் மாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் பேசிக்கொண்டு நின்றிருக்கிறா. நம்ம ஊர் ரோட்டில் திரியும் மான்களைத் தெரியும்தானே, பேப்பரைக் கண்டால் விடாது. ஒன்று வந்து இழுத்து, பேப்பரைத் தின்றுவிட்டு, உள்ளே இருந்ததை நடு ரோட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டது. அக்கா திரும்ப வந்து, "தம்பி, இனி எனக்குச் சுத்தாதே, மானுக்கே தெரிஞ்சு போச்சு" என்றா. அன்றிலிருந்து நாங்களாகச் சுற்றுவதில்லை. வேண்டும் என்று கேட்டால் கட்டாயம் சுற்றித் தருவோம். ஆனால் 2025 நவம்பரிலிருந்து பொலித்தீன் உறையைச் சும்மா கொடுக்கக் கூடாது, அதனால் கறுப்பு உறை கேட்டால் அதற்குக் காசு எடுக்க வேண்டியிருக்கிறது. மறைக்கவும் காசு.

இனி, எங்களால் செய்யக்கூடியது. வரியில் எங்களுக்குக் கை இல்லை. எங்கள் லாபத்தில் இருக்கிறது. சாதாரண பத்துப் பேட் பைக்கற்றில் எங்களுக்கு நிற்பது இருபது, இருபத்தைந்து ரூபாய். வரும் முதலாம் திகதியிலிருந்து அந்த ஒரு வகைக்கு அதை எடுக்க மாட்டோம், ஏஜென்ட் எங்களுக்குத் தரும் விலைதான் உங்களுக்கும். பெரிய சைஸ், இறக்குமதி வகை, இரவுப் பேட் எல்லாவற்றுக்கும் வழமையான விலை, ஏனென்றால் கடை வாடகையும் கட்ட வேண்டும். இது தர்மம் இல்லை. பேட் எடுக்க வருபவர்கள் சவர்க்காரமும் சீனியும் இங்கேயே எடுப்பார்கள் என்ற கணக்கும் எங்களிடம் இருக்கிறது.

2016 குடும்ப வருமான, செலவின ஆய்வை வைத்துப் பார்த்தவர்கள், மாதவிடாய் வயதில் பெண்கள் உள்ள வீடுகளில் ஏறத்தாழப் பாதி வீடுகள் பேட்டுக்கென்று ஒரு சதமும் செலவு காட்டவில்லை என்று சொன்னார்கள். நம் கடைக்கு வராத பாதி அது. அவர்களில் பலர் துணி பாவிக்கிறார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை, நன்றாகத் தோய்த்து வெயிலில் காயப்போட்டால் போதும், திருகோணமலையில் வெயிலுக்கா பஞ்சம். ஆனால் வெளியில் காயப்போட வெட்கப்பட்டு அறைக்குள் ஈரத்தோடு வைப்பதால்தான் கரைச்சல். தோய்த்துப் பாவிக்கும் தைத்த துணிப் பேட்டும் இனி எடுத்து வைக்கிறோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு: பைக்கற்றை உடைத்து ஒன்று இரண்டாகத் தரச் சொல்லிக் கேட்கிறீர்கள், கையால் எடுத்துத் தருவது சுத்தமில்லை என்று இதுவரை மறுத்தோம். இனி ஒவ்வொன்றும் தனித்தனியே உறையிட்டு வரும் வகையை எடுக்கிறோம், ரியூசன் முடிந்து அவசரத்துக்கு வந்தால் ஒன்று வாங்கலாம், காசில்லாவிட்டால் அடுத்த நாள் தரலாம். முன்மேசையில் தங்கச்சி நிற்பா, அவவிடமே கேளுங்கள். கொப்பியில் எழுத வேண்டி வந்தால் பேட் என்றே எழுதுவோம்.

நிலாவெளி அன்ரி, நீங்கள் வைத்துவிட்டுப் போன பைக்கற் எடுத்து வைத்திருக்கிறோம். முதலாம் திகதிக்குப் பிறகு வாருங்கள், விலை குறைத்துத் தருகிறோம். அந்தத் திகதி போயா நாளாக இருந்தாலும் கடை மத்தியானம் வரை திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்
மத்திய வீதி, திருகோணமலை