மாலை நேர நிரலாக்க வகுப்புகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை நேரங்களிலும் வாரயிறுதிகளிலும் நிரலாக்கம் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கும், அவ்வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் பணியாற்றுகிறேன். நாற்பது வயதைக் கடந்த பிறகு பைத்தான் என்ற நிரலாக்க மொழியைக் கற்பதற்காக உங்களுடையதைப் போன்ற ஒரு நிலையத்தில் சேர்ந்து, பாடத்தை முடித்து, இன்று அலுவலக வேலைகள் சிலவற்றை நானே எழுதிய நிரல்களைக் கொண்டு செய்துவருகிறேன். என்னுடன் ஒரே அறையில் உட்கார்ந்து கற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அவ்வப்போது பேசிக்கொள்ளும்போது தெரிகிறது. அவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து வரும் விளக்கம் ஒன்றுதான்: ஆர்வம் குறைந்துவிட்டது. இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, நெரிசலான ரயிலில் நின்றபடி வந்து, இரவு பத்து மணிவரை புதிதாக ஒன்றைக் கற்க உட்காரும் ஒருவரிடம் ஆர்வத்திற்குப் பஞ்சம் இருந்திருக்க முடியாது. கொண்டுவந்த ஆர்வத்தை வகுப்பு எங்கே செலவழித்தது என்று பார்ப்பதுதான் நியாயம்.

பணம் இங்கே பெரிய தடையில்லை. 2016ஆம் ஆண்டில் 25 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூரர்களுக்கு, திறன்களை வளர்த்துக்கொள்வதற்கான அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் சிறப்புத்தொகையாக 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வழங்கப்பட்டது. 2024 மே மாதத்தில், 40 வயதும் அதற்கு மேலுமானவர்கள் குறிப்பிட்ட பயிற்சிகளுக்குப் பயன்படுத்தும் வகையில் மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. ஆகவே வகுப்பறைக்குள் நுழைவதற்கான வழி திறந்தே இருக்கிறது. நுழைந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் உணவங்காடி நிலையத்தில் கடை வைத்திருப்பவர். இரண்டு விலைகளைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரல் அன்றைய பயிற்சி. கோப்பிக்கு 2 என்றும் பரோட்டாவுக்கு 3 என்றும் தட்டினார். கணினி 23 என்றது. அவர் மறுபடி ஓட்டினார், மறுபடியும் 23. பிழைச் செய்தி எதுவும் வராததால் எங்கே தவறு என்று தேடவும் அவருக்கு வழியில்லை. பயிற்றுநர் வந்தார், குனிந்து, அவருடைய விசைப்பலகையிலேயே இரண்டு இடங்களில் எண்ணாக மாற்றும் "இன்ட்" என்ற கட்டளையைச் சேர்த்தார், விடை 5 என்று வந்தது, அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். முழுதாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அம்மையாரின் திரையில் சரியான விடை இருந்தது. ஆனால் விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பைத்தான் முதலில் வெறும் எழுத்துகளாகவே எடுத்துக்கொள்கிறது, இரண்டு எழுத்துச் சரங்களைக் கூட்டச் சொன்னால் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிவைக்கிறது, எண்ணாக மாற்று என்று நாம் சொன்னால்தான் கணக்குப் போடுகிறது என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அடுத்த வாரம் வேறொரு வடிவில் அதே சிக்கல் வந்தபோது, இது தனக்கு வராத வேலை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அந்த 23ஐ வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசியிருந்தால், எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அறையில் இருந்த ஒருவரும் ஆயுசுக்கும் மறந்திருக்கமாட்டார். ஒரு மாலைக்கு இத்தனை தலைப்புகளை முடிக்க வேண்டும் என்று அட்டவணை போட்டவர்களிடம்தான் என் வருத்தமே தவிர, அந்தப் பயிற்றுநரிடம் இல்லை.

பிழைச் செய்தி வரும்போதும் நிலைமை இதுதான். தொடக்கநிலையில் இருப்பவருக்குத் திரையில் சிவப்பு வரிகள் கொட்டும்போது முகம் வாடிவிடுகிறது. பள்ளிக்காலத்துச் சிவப்பு மை நினைவுக்கு வருகிறதோ என்னவோ. ஆனால் அந்த வரிகள் திட்டுவதற்காக வந்தவை அல்ல. காரணம் தெரியாமல் அழும் குழந்தையைவிட, எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எளிது. பைத்தான் இரண்டாவது வகை. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன வகைப் பிழை என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறது. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், பிழையின் பெயரும் காரணமும் கடைசி வரியில் இருக்கும் என்ற ஒரு குறிப்பைக்கூட முதல் நாளில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் மேலிருந்து படித்து, முதல் வரியிலேயே மிரண்டு, கையைத் தூக்கிக் காத்திருந்தோம்.

ஆகையால் என் முதல் வேண்டுகோள், முதல் மாலையிலேயே வேண்டுமென்றே பிழை செய்யவைக்கும் பயிற்சி ஒன்று இருக்க வேண்டும் என்பது. அடைப்புக்குறியை மூடாமல் விடச் சொல்லுங்கள், பெயரைத் தப்பாக எழுதச் சொல்லுங்கள், மூன்று பொருள்கள் உள்ள பட்டியலில் நான்காவதைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் கணினி என்ன பதில் தருகிறது என்று அவர்களே வாய்விட்டுப் படிக்கட்டும். இதோடு சேர்ந்த சிறிய, செலவில்லாத வேண்டுகோள் ஒன்றும் உண்டு: வகுப்பறைக் கணினிகளில் எந்தப் பைத்தான் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். 2021 அக்டோபரில் வெளியான 3.10ஆம் பதிப்பிலிருந்து பிழைச் செய்திகள் கணிசமாகத் திருத்தி எழுதப்பட்டுள்ளன. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி அங்கே இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லும். ஒரு குற்றமும் இல்லாத அந்த வரியைத் தொடக்கநிலையாளர் அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருப்பார். புதிய பதிப்புகளோ, திறந்த அடைப்புக்குறி எது என்று காட்டி, அது மூடப்படவே இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகின்றன.

அடுத்தது பயிற்சிக் கணக்குகள். பகா எண்களைக் கண்டுபிடி, செல்சியஸை ஃபாரன்ஹைட்டாக மாற்று, நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் வரை என்று எந்த நிலையத்திலும் ஒரே வரிசை. இவற்றில் தவறில்லை, ஆனால் இவற்றின் விடை கிடைக்காவிட்டால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. விடை தனக்கே தேவைப்படும்போதுதான் மனிதர் இரவு பதினொரு மணிக்கும் விடாமல் உட்காருகிறார். அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2015இல், தாம் சில ஆண்டுகளுக்கு முன்பு சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய சுடோக்கு தீர்க்கும் நிரலை வெளியிட்டு, அதில் பிழை இருந்தால் சொல்லுமாறு கேட்டுக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவரை அதை எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தியிருக்கமாட்டார்கள்.

எனக்கு அப்படி விடை தேவைப்பட்ட கணக்காக வாய்த்தது கொள்கலன் எண். துறைமுகத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு கொள்கலனின் மேலும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். அவற்றில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் பத்து குறிகளைக் கொண்டு கணக்கிட்டால் அது வர வேண்டும். ஏ என்ற எழுத்துக்கு மதிப்பு 10, பி என்ற எழுத்துக்கு 12. 11ஆல் வகுபடும் எண்களைத் தாண்டித் தாண்டிப் போனால் இசட்டுக்கு 38 வரும். ஒவ்வொரு குறியின் மதிப்பையும் அதன் இடத்தைப் பொறுத்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவதை 512ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் அந்தச் சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 என்றால் 0. ஆவணத்தில் ஓர் இலக்கம் மாறித் தட்டச்சாகியிருந்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்யும் நிரலை எழுத முற்பட்டபோதுதான், வகுப்பில் வெவ்வேறு வாரங்களில் தனித்தனியாகக் காதில் விழுந்த லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), அகராதி (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்துவைக்கும் பட்டியல்), மீதி காணும் குறி ஆகிய மூன்றும் எதற்காக இருக்கின்றன என்று எனக்கு விளங்கியது. முதலில் எழுதியது இருபது வரிகூட இராது. அடுத்த நாள் காலையில் அது ஒரு தவறான எண்ணைப் பிடித்துக்கொடுத்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தை எந்தச் சான்றிதழும் தரவில்லை.

ஆளுக்கு ஆள் இந்தத் தேவை மாறும். கடை வைத்திருக்கும் அம்மையாருக்கு அது மாதக் கணக்காக இருக்கலாம். வீட்டுக்குக் கீழே பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு, நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்ற தன் தரவுத் தளத்தில் இலவசமாகத் தரும் பேருந்து வருகைத் தகவலை எடுத்துத் தன் நிறுத்தத்திற்கு மட்டும் காட்டும் சிறு நிரலாக இருக்கலாம். பாடத்திட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, மூன்றாவது வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும், "உங்கள் நாளில் சலிப்பூட்டும் வேலை எது?" என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, மீதி வாரங்களின் பயிற்சிகளை இயன்றவரை அதை நோக்கித் திருப்புவதுதான். பத்துப் பதினைந்து பேர் கொண்ட வகுப்பில் இது முடியாத காரியமல்ல.

தமிழ் பேசும் மாணவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவர் ஆர்வக்கோளாறில் "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளம் எவ்வளவு என்று பைத்தானைக் கேட்டார். மூன்று எழுத்துகள் என்று நாம் முதல் வகுப்பிலிருந்து எண்ணிவந்த சொல்லுக்கு அது 5 என்றது. கணினிக்குத் தமிழ் தெரியாது என்று அறை முழுக்கச் சிரிப்பு, அத்தோடு விட்டுவிட்டார்கள். உண்மையில் அந்த விடைக்குக் காரணம் உண்டு. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறியீடுகளாகவே சேமிக்கப்படுகின்றன. பைத்தான் அவற்றைத்தான் எண்ணுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர், புள்ளியையும் துணைக் குறிகளையும் கழித்துவிட்டு எண்ணும் நிரலை அன்றே எழுத முயன்றிருக்கக்கூடும். அதைவிடச் சிறந்த லூப் பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. மாணவர் தாமாக எழுப்பும் இத்தகைய கேள்விகளுக்குப் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்குங்கள். பயிற்றுநருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், சேர்ந்து பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதேபோல, மாணவர்கள் தங்களுக்குள் தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ விளக்கிக்கொள்வதைத் தடுக்காதீர்கள். பாதி புரிந்தவர் இன்னொருவருக்குத் தம் மொழியில் சொல்ல முயலும்போது அவருக்கே மீதி புரிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2020 முதல் உயர் தொடக்கநிலை மாணவர்கள் எல்லோருக்கும் பள்ளியிலேயே நிரலாக்க அறிமுகம் கிடைக்கிறது. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை கட்டளைகள் எழுதிய வண்ணக் கட்டங்களை இழுத்துப்போட்டுத் திரையில் பூனையை நடக்கவைக்கும்போது அப்பா வகுப்பில் காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவரை இன்னும் அவசரப்படுத்தாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியே எழுதித்தந்துவிடும்போது நாம் ஏன் கற்க வேண்டும் என்ற கேள்வியும் இப்போது எல்லா வகுப்பிலும் வருகிறது. அதைத் தட்டிக்கழிப்பதைவிட, அந்தக் கருவியிடமிருந்து ஒரு நிரலை வாங்கி வகுப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். அது ஓடாதபோதும், ஓடித் தவறான விடை தரும்போதும், பிழைச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு தானாகவே வெளிப்படும்.

கடைசியாக, சான்றிதழுக்குப் பிறகு என்ன என்பது. எங்கள் கடைசி மாலையில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தைக் கொண்டு வருகையைப் பதிந்தோம், கருத்தாய்வுப் படிவத்தை நிரப்பினோம், கைகுலுக்கிப் பிரிந்தோம். அடுத்த வாரம் ஒரு சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆளில்லை. தனியே உட்கார்ந்து கற்கும் தொடக்கநிலையாளர் இரண்டு மூன்று இரவுகள் ஒரே பிழையில் மாட்டிக்கொண்டால், நான்காவது இரவு மடிக்கணினியைத் திறக்கமாட்டார். பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் அது சில நிமிட வேலையாக இருந்திருக்கும். அறைகளும் கணினிகளும் உங்களிடம் இருக்கின்றன. பல நிலையங்களில் ஞாயிறு பிற்பகலில் அவை பூட்டியே கிடக்கின்றன. மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், பழைய மாணவர்களுக்காக ஓர் அறையைத் திறந்துவையுங்கள். பாடம் வேண்டாம், பயிற்றுநரும் கட்டாயமில்லை. முடிக்காமல் நிற்கும் நிரல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வைத்தால் போதும்.

இதற்கு முன்வரும் நிலையம் எதுவாயினும், வந்து உட்கார்ந்து புதியவர்களுக்குக் கைகொடுக்க என்னைப் போன்ற சிலர் ஊதியமின்றித் தயாராக இருக்கிறோம். கதவைத் திறந்துவிடவும், குளிர்சாதனத்தைப் போடவும், அருகலை இணைப்பின் கடவுச்சொல்லைச் சொல்லவும் உங்கள் பக்கமிருந்து ஒருவர் வந்தால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவர்களில் ஒருவன்
சிங்கப்பூர்