குச்சி மனிதர்களுக்கு ஒரு விதிப்புத்தகம்

அன்புள்ள கயல்,

"தி ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்" என்ற இணையச் சித்திரக்கதையை நாற்பது பக்கம் படித்துவிட்டு நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். வட்டத் தலை, குச்சிக் கை கால், எதற்குச் சிரிப்பதென்றே தெரியவில்லை என்கிறாய். பலரும் நின்றுபோகிற இடம் அது. அது கேலி செய்யும் விளையாட்டின் விதிகளில் நாலைந்து தெரிந்தால் போதும், தாண்டிவிடலாம்.

ரிச் பர்லூ இதை 2003 செப்டம்பரில் தொடங்கினார். அந்த விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் சாகசக் கதை. அதன் விதிகளின் 3.5 பதிப்பு அந்த ஜூலையில்தான் வந்திருந்தது. முதல் பக்கத்தைத் திரும்பப் பார்: கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களோடு சண்டை நடக்கும்போதே விதி மாறிவிடுகிறது, சண்டை போடுகிறவர்களுக்கே அது உறைக்கிறது. கதை முழுவதற்கும் சாவி அதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து இவர்களை ஆட்டுவிக்கிறவர் யாரும் கிடையாது. நமக்குப் புவியீர்ப்பு எப்படியோ, அவர்களுக்கு விதி அப்படி.

இப்போது விதிக்கு வருகிறேன். எதைச் செய்தாலும் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி, விழுந்த எண்ணோடு திறமைக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். வெட்டும்போது அந்தக் கூட்டுத்தொகை எதிராளியின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழும். 20 விழுந்தால் எப்படியும் படும், 1 விழுந்தால் எப்படியும் தவறும். ஆனால் இந்த 1, 20 கணக்கு திறமைச் சோதனைக்குக் கிடையாது. பழகியவர்களே இதில்தான் குழம்புவார்கள். கண்ணால் கவனிப்பதும் ஒரு திறமை, அதன் பெயர் ஸ்பாட். பத்தடி தூரத்துக்கு ஒன்று வீதம் அதில் குறையும். எதிரே நிற்பது ஒருவர் கண்ணில் படாமல் போனால் அவரை பர்லூ முட்டாளாக வரைந்திருக்கிறார் என்று நினைக்காதே. பகடை காலை வாரிவிட்டது.

கதையின் சாகசக் குழுவில் ஈலன் பாணன். பாடியே தோழருடைய ஒரு திறமைக்கு 2 கூட்டித் தருவது பாணர்களுக்குள்ள வரம். குழுவின் திருடி ஹேலி ஒரு ராட்சதனிடம் பொய் சொல்லும்போது, அவன் காதுபடவே பொய்யைப் பற்றி ஈலன் பாடுகிறான். விதிப்படி அது உதவி, நிஜத்தில் காட்டிக்கொடுப்பது. இந்த இடைவெளி தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு நீ நிறுத்தவே மாட்டாய்.

முதல் 120 பக்கம் பெரும்பாலும் இந்த வகைதான். அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று உன்னிடம் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சிரிக்க வைத்த அதே விதிகளை பர்லூ பிறகு கதையின் எலும்பாக்கிவிடுகிறார். குழுவில் ஒருவர் இறக்கிறார், யாரென்று சொல்லமாட்டேன். இந்த விளையாட்டில் சாவு பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அங்கே வருவோம். ஆனால் இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 5,000 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும். உடல் ஏறக்குறைய முழுதாக இருக்க வேண்டும். மந்திரம் போடுகிறவரின் நிலை (லெவல்) எத்தனையோ, இறந்து அத்தனை நாளுக்குள் செய்தாக வேண்டும். அதைவிட மேலான ரெசரெக்ஷனுக்கு உடலின் ஒரு துண்டு போதும், வைரம் 10,000 பொன். இப்போது குழு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: பிணம் ஒரு பக்கம், மந்திரம் தெரிந்த குரு கடலில் இன்னொரு பக்கம். இருநூறு பக்கத்துக்கு மேல் இழுக்கும் அந்தத் தவிப்பில் ஒரு விதியைக்கூட அவர் வளைக்கவில்லை. இந்த நேர்மைக்காகவே எனக்கு இந்தக் கதை இவ்வளவு பிடிக்கும்.

குழுவின் குள்ளர் இனத்துக் குரு டுர்கன், தான் எப்படி ஊர் திரும்புவேன் என்று குறிசொல்பவனிடம் கேட்கிறார். இறந்த பிறகு என்று பதில் வருகிறது. அவர் சந்தோஷப்படுகிறார், சொந்த மண்ணில் புதைப்பார்களே என்று! அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள். வாசகர்கள் அந்தப் பதில் பலிப்பதைப் பார்க்கப் பல வருஷம் காத்திருந்தார்கள்.

படிக்கும்போது தடுக்கும் ஒன்றிரண்டு இடங்கள் உண்டு. செல்வம் பறிபோன அதிர்ச்சியில் ஹேலிக்குப் பேச்சு குழறி, எழுத்து மாறிய சங்கேதமாக வரும். தள்ளிவிட்டுப் போகாதே, காகிதம் எடு. தனி ஆங்கில எழுத்துச் சொல் ஒன்று இருந்தால் அது ஏ (a) அல்லது ஐ (I). அடிக்கடி வரும் மூன்றெழுத்துச் சொல் பெரும்பாலும் 'தி' (the). ஈலனைக் (Elan) கூப்பிடுகிறாள் என்று தோன்றினால் நான்கு எழுத்து ஒரேயடியாகக் கிடைத்துவிடும். ஒரு பக்கத்தில் கண்டுபிடித்த மாற்றத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாமல் புதிதாகத் தொடங்கு. அவள் மனத்தில் இருப்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

எல்ஃப் மந்திரவாதி வார்சூவியஸ் ஆணா பெண்ணா என்று கதை சொல்லவே சொல்லாது. ஆங்கிலத்தில் இதற்குப் படாதபாடு படுகிறார்கள். நீ தோழிக்குக் கதை சொல்லும்போது 'அவர் சொன்னார்' என்றால் முடிந்தது, நம் தமிழுக்கு அது எவ்வளவு இயல்பு பார்!

முன்கதைப் புத்தகங்களை இப்போது வாங்காதே. வில்லன்களின் முன்கதையான "ஸ்டார்ட் ஆஃப் டார்க்னெஸ்" வேண்டுமானால், கதையில் வரும் நீலநகரப் போர் முடிந்த பிறகு படி. அதற்குள் அந்த வில்லன்களில் ஒருவனான ரெட்க்ளோக்கை நீயே வெறுத்திருப்பாய், அப்போதுதான் அது உன்னை உலுக்கும். இணையத்தில் இருப்பது எல்லாமே இலவசம், 1,200 பக்கத்துக்கு மேல். போனில் எழுத்து பொடியாகத் தெரியும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் மடிக்கணினியில் வைத்துப் படி. இரவு பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம்.

443ஆம் பக்கம் வந்ததும் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா