கொட்டேஷனின் கடைசி வரி

அன்புள்ள கண்ணு,

புதுக் கம்ப்யூட்டருக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனை நேற்று ராத்திரி பட்டறையைச் சாத்திய பிறகு நிதானமாகப் படித்தேன். ஐ7 ப்ராசஸர், கண்ணாடி கேபினெட், கலர் லைட் போட்ட மூன்று ஃபேன். கடைசி வரியில் மட்டும் வெறுமனே '650 வாட் எஸ்எம்பிஎஸ்' என்று இருக்கிறது. மொத்தக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் கொடுக்கிற சப்ளை பெட்டி அதுதான். கம்பெனி பெயரும் இல்லை, வாரண்டியும் இல்லை. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

நம் பட்டறையில் பில் போட வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் டப்பென்று நின்றுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? அதன் சப்ளை பெட்டியை நான்தான் கழற்றினேன். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி, கனமே இல்லை. உள்ளே இரண்டு கெபாசிட்டர் தலை உப்பிப் பழுப்பாகக் கசிந்திருந்தது. ஸ்டிக்கரில் மட்டும் 450 வாட். அது தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. ஆறு மாதக் கணக்கு அதில்தான் இருந்தது. உன் ஆர்க்கிடெக்சர் தீசிஸுக்கு அந்த கதி வரக் கூடாது. பெயருள்ள கம்பெனியில் 80 பிளஸ் போட்டதாக வாங்கு. அந்த முத்திரை கரண்ட் வீணாகாததற்குத்தான். ஐந்து வருஷ வாரண்டி இருக்கிறதா என்று அதோடு பார்.

காசுக்கு எங்கே போவது என்பாய். ஐ7 வேண்டாம், இந்தத் தலைமுறை ஐ5 போதும். நம் தெரு ஆர்க்கிடெக்டிடம் கேட்டேன். நீ கட்டட பிளான் போடுகிற ரெவிட்டில் வரையும்போது பெரும்பாலும் ப்ராசஸரின் ஒரு கோர்தான் உழைக்குமாம். வரைந்ததை நிஜப் படம் மாதிரி ஆக்குகிற லூமியன் ரெண்டர் முழுக்க கிராபிக்ஸ் கார்டின் தலையில். அதனால் மிச்சத்தை கார்டில் போடு, அதன் மெமரி 8 ஜிபிக்கு பதில் 12 ஆக இருக்கட்டும். பெரிய சீன் அதற்குள் அடங்காவிட்டால் ரெண்டர் நொண்டும். ராம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு.

'கேம் விளையாடவும்தான்ப்பா' என்று தயங்கி எழுதியிருந்தாய். அதில் என்ன தயக்கம்? ரெண்டர் போடுகிற அதே கார்டுதானே கேமையும் ஓட்டுகிறது. விளையாடு சாமி. மானிட்டரில் மட்டும் வேகத்தைப் பார்த்து மயங்காதே. 144 ஹெர்ட்ஸ் தாராளம். நிறம்தான் உனக்கு முக்கியம், அதற்கு ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நூறு சதவீதம் என்று கேட்டு வாங்கு. போன வருஷம் ஷீட்டில் செங்கல் சுவர் ஊதாவாக வந்தது என்று ராத்திரி போனில் அழுதாயே, எனக்கு இன்னும் மறக்கவில்லை.

யுபிஎஸ் 600 விஏ என்று கடைக்காரன் போட்டிருக்கிறான். அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் நடுவே கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 1100 விஏ கேள்.

அப்புறம், நீ இருக்கும் வீடு பழசு. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேபினெட் இரும்பைத் தொட்டால் விரல் சுருக்கென்றால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. அதனால் வெள்ளிக்கிழமை சேரன் ரயிலில் ஏறுகிறேன், மீட்டரும் கையில் இருக்கும். சனிக்கிழமை முதலில் உன் ரூம் சாக்கெட், அப்புறம்தான் ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

கண்ணாடி கேபினெட் இருக்கட்டும், உனக்குப் பிடித்திருக்கிறதே. அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள்.

அப்பா