படம் முடிந்த பிறகு கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கோடு, வண்ணம், உடற்கூறு, அமைப்பு எல்லாவற்றையும் கலைக் கல்லூரி சொல்லித் தருகிறது. தூரிகையைக் கழுவி வைத்த பிறகு அந்தப் படம் இன்னொருவர் வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேரும் வரை ஆக வேண்டிய வேலைகள் பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இருப்பதில்லை. விலை போடுவது, அச்சுக்குக் கொடுப்பது, ஃபிரேம், ஒப்பந்தம், கணக்கு, பேக்கிங் என்று இந்த ஸ்டுடியோவுக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொல்லித் தந்தவை. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். நீங்கள் சொன்ன விவரங்களையும் கூடவே எழுதுகிறோம். இந்த ஆண்டு படிப்பை முடித்து வெளியே வருகிறவர்களுக்கு அவை உதவும்.

முதல் வணக்கம் கணக்கர் அக்காவுக்கு. "ஒரு படத்துக்கு எவ்வளவு கேட்பது?" என்ற கேள்விக்கு நீங்கள் போட்டுக் காட்டிய கணக்கு இன்றும் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆண்டில் 52 வாரம். விடுமுறை, உடம்புக்கு முடியாத நாட்கள் என்று 6 வாரத்தைக் கழித்தால் 46. வாரத்துக்கு 40 மணி என்றால் 1840 மணி நேரம். அதில் பாதிதான் காசு தரும் வேலை. மீதிப் பாதியைக் கடிதம் எழுதுவது, பொருள் வாங்குவது, கணக்கு வைப்பது, பேக்கிங் செய்வது எல்லாம் தின்றுவிடும். ஆக, கையில் நிற்பது 920 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு வேண்டிய வீட்டுச் செலவு, ஸ்டுடியோ வாடகை, கருவித் தேய்மானம், வரி எல்லாவற்றையும் கூட்டி 920ஆல் வகுத்தால் வருவது மணிக்கூலி. புதிதாக இறங்குகிறவர்கள் 1840ஆல் வகுத்துவிடுகிறார்கள். கூலி சரிபாதியாகிவிடுகிறது. ஆர்டர் நிறைய வந்தும் கையில் ஏன் நிற்கவில்லை என்று ஆண்டு முடிவில்தான் தெரியவரும்.

கமிஷன் கணக்கிலும் அக்கா ஒரு பிழையைத் திருத்தினீர்கள். கைக்கு 100 வர வேண்டும், கேலரி 40 சதவீதம் எடுக்கும் என்றால் விலை 140 அல்ல. 140இல் 40 சதவீதம் போனால் மிஞ்சுவது 84தான். 100ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 167 வரும். கமிஷன் 50 சதவீதம் என்றால் 200. கேலரியில் ஒரு விலை, ஸ்டுடியோவில் நேரே வருகிறவருக்குக் குறைந்த விலை என்று வைத்தால் கேலரியின் நம்பிக்கை போய்விடும், அடுத்த கண்காட்சிக்கு அழைப்பு வராது என்பதையும் நீங்கள்தான் அழுத்திச் சொன்னீர்கள். பணம் வந்த அன்றே வரிக்கானதைத் தனிக் கணக்கில் போடும் பழக்கமும் உங்களிடம் கற்றது.

அச்சகத்து அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு ஃபைலைத் திருப்பி அனுப்பும்போது எதற்காகத் திருப்புகிறீர்கள் என்பதையும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினீர்கள். ஏ3 தாள் 297 × 420 மில்லிமீட்டர். வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகரும் என்பதால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டுக் கோட்டைத் தாண்டியும் படம் நீளும் கூடுதல் ஓரம், வேண்டும். அப்போது ஃபைலின் அளவு 303 × 426. அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் பார்த்தால் 3579 × 5032 பிக்சல். சின்னப் படத்தை மென்பொருளில் பெரிதாக்கி அந்த எண்ணிக்கையைக் கொண்டுவரலாம், ஆனால் அதில் புதிதாக எந்த நுணுக்கமும் வந்துவிடாது.

கறுப்பு ஒரு தனிப் பாடம். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போதும். அச்சின் நான்கு மையையும் (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு; சுருக்கமாக சிஎம்ஒய்கே) கலந்த கறுப்பில் எழுத்தை அடித்தால், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்தது போலத் தெரியும். பெரிய கறுப்புப் பரப்புக்கு மற்ற மைகளையும் கொஞ்சம் சேர்த்தால்தான் ஆழம் வரும். அதற்காக நான்கையும் 100 வைத்தால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே மையில் அப்படியே வராது. எனவே ஃபைலை சிஎம்ஒய்கேக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, அச்சடிக்கப்போகும் அதே தாளில் புரூஃப் (சோதனைப் பிரதி) எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

அட்டையின் இழை ஓடும் திசையை அண்ணன் காட்டிய விதம் மறக்கக்கூடியதல்ல. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) அட்டையில் வாழ்த்து மடல் அடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது என்பது புதிய ஸ்டுடியோக்களின் தீராத புகார். அதே அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். சில நொடிகளில் அது குழாய் போலச் சுருளும். இழைகள் நீரைக் குடித்து அகலவாக்கில்தான் அதிகம் பருக்கின்றன, நீளவாக்கில் அவ்வளவாக நீள்வதில்லை. அதனால் அந்தக் குழாய் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, அதுதான் இழையின் திசை. மடிப்பு அதே திசையில் விழும்படி வடிவமைத்து, மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்திப் பள்ளமாக்கும் ‘கிரீஸ்’ போட்டுவிட்டால் வெடிப்பு வராது.

ஃபிரேம் போடும் ஐயாவுக்கு வணக்கம். தாளில் வரைந்த படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஈரப்பதம் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, தாளில் பூஞ்சை பிடிக்கும், வண்ணம் கண்ணாடியோடு ஒட்டும். இடையில் மவுண்ட் போர்டோ (படம் தெரிய நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை) ஸ்பேசரோ (இடைவெளி விடும் பட்டை) வேண்டும். அதிலும் அமிலமில்லாத போர்டாக இருக்க வேண்டும். மலிவான போர்டிலிருந்து அமிலம் தாளுக்கு இறங்கி, சில ஆண்டுகளில் அந்த ஜன்னலின் ஓரம் நெடுகப் பழுப்புக் கோடு விழும், அதைப் போக்குவது பெரும்பாடு. செல்லோடேப் ஒட்டினால் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். அதற்குப் பதில் ஜப்பானியத் தாளில் கீல் போல இரண்டு துண்டு வெட்டி, கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்ட வேண்டும், அதுவும் மேல் விளிம்பில் மட்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கத் தாளுக்கு இடமில்லாமல் அலை அலையாக நெளியும். இந்த அக்கறைதான் படம் வாங்கியவருக்கு நாம் தரும் உண்மையான உத்தரவாதம் என்று நம்புகிறோம்.

புகைப்படக் கலைஞர் தம்பிக்கு: படத்தின் இருபுறமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, இரண்டும் ஒரே தூரத்தில், அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும், முதல் ஷாட்டில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டு. இதெல்லாம் பலருக்கும் தெரியும். கேமரா படத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க நீ சொன்ன கண்ணாடி உத்தி அருமை. படம் மாட்டும் இடத்தில், அதன் நடுப்புள்ளியில், ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். வியூஃபைண்டரின் நடுவில் கேமராவின் லென்ஸே தெரிந்தால் கோணம் சரி. விலகித் தெரிந்தால் சதுரப் படம் சரிவகமாகப் பதிவாகும். ஃபிரேம் போட்டுக் கண்ணாடி வைக்கும் முன்பே இந்த வேலை முடிய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

வழக்கறிஞர் ஐயா, படத்தை விற்பதும் பதிப்புரிமையை விற்பதும் வெவ்வேறு என்பதை நீங்கள் விளக்காமலிருந்தால் பல ஒப்பந்தங்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தாகியிருக்கும். பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு செய்யாமலே பதிப்புரிமை படைப்பாளிக்கு வந்துவிடுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது செய்த படைப்பு பல நாடுகளில் முதலாளிக்குச் சொந்தமாகலாம், அதனால் வேலையில் இருந்துகொண்டே தனியாக ஆர்டர் எடுப்பவர்கள் நியமனக் கடிதத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். லைசென்ஸ் கொடுத்தால் எதற்கு, எந்த நாட்டில், எத்தனை ஆண்டு, இவருக்கு மட்டுமா பிறருக்குமா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேலரி நடத்தும் அம்மாவுக்கும் கடைக்காரர்களுக்கும்: பொருளை ஒப்படைக்கும்போது தலைப்பு, அளவு, ஊடகம், விலை, கமிஷன், சேதமானால் யார் பொறுப்பு, விற்றபின் எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எப்போது திரும்ப எடுப்பது என்று சீட்டு எழுதி இருவரும் கையெழுத்திடும் வழக்கத்தை நீங்களே முன்வந்து செய்தீர்கள். கேட்கக் கூச்சப்படும் வயதில் அது பெரிய உதவி.

பேக்கிங் சொல்லித் தந்த கூரியர் தோழர்களே, கான்வாஸின் வண்ணத்தின் மேல் நேரே பப்பிள் ராப் சுற்றக் கூடாது, முதலில் கிளாசின் எனும் வழுவழுப்பான மெல்லிய தாள், அதன் பிறகுதான் பப்பிள், குமிழ் வெளிப்புறம் பார்க்க என்று சொன்னீர்கள். வெயிலில் வண்டி நின்றால் அக்ரிலிக் இளகி, குமிழ் வட்டங்கள் படத்தில் அச்சாகிவிடும். பெட்டிக்குள் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் மெத்தை வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

விலையைக் குறைக்கச் சொல்லாமல், தவணையாகத் தரலாமா என்று கேட்ட முதல் வாடிக்கையாளர்களுக்குத் தலை வணங்குகிறோம்.

கடைசியாக, தன் ஒரு பக்க ஒப்பந்தத் தாளை அப்படியே எடுத்துக் கொடுத்த சீனியர் அக்காவுக்கு. பாதிப் பணம் முன்பணம், ஓவியத்தின் மாதிரிக்கு இரண்டு முறை திருத்தம், மூன்றாவதிலிருந்து மணிக்கூலி, நடுவில் கைவிட்டால் முடிந்த வேலைக்கான தொகை, மீதிப் பணம் வந்த பிறகே பெரிய அளவு ஃபைல், அதுவரை பார்வைக்கு 1200 பிக்சல் படம் மட்டும். மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று நீங்கள் அனுமதித்ததால் பிரதி எடுத்து ஸ்டுடியோ வாசலில் வைத்திருக்கிறோம். பெயர், தேதி, கையெழுத்து ஆகிய மூன்று இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
ஸ்டுடியோ நண்பர்கள்